உற்றதை உரைக்க இயலாதார்க்கு யார் சான்று?
பேச்சுச் சிகிச்சை மாணவரின் தகுதியை அளத்தல் பற்றிய ஒரு நோக்கு

படகு கட்டியவனின் கைத்திறனை மற்றொரு படகு கட்டுவோன் வந்துதான் அளக்க வேண்டும் என்பதில்லை. பேசாலைக் கரையிலே புதிதாய் இறக்கப்பட்ட வள்ளம் ஒன்றின் குறைநிறை, சோளகக் காற்று ஒரு கிழமை வீசினால் வெளிப்பட்டுவிடும். அதனை எடுத்துச் சொல்பவன் தச்சன் அல்லன். அவ்வள்ளத்திலே நின்று வலை இழுப்பவன். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலில் இதனையே வேறு எடுத்துக்காட்டுகளால் விளக்கினார். வீட்டின் நன்மை தீமையைக் கட்டியவனைக் காட்டிலும் குடியிருப்பவன் நன்கறிவான். சுக்கானின் இயல்பைத் தச்சனைக் காட்டிலும் மாலுமி நன்கறிவான். விருந்தின் சுவையைச் சமைத்தவனைக் காட்டிலும் உண்டவன் நன்கறிவான் என்பது அவர் துணிபு. பயன்கொள்வோனே தீர்ப்பாளன் என்னும் இக்கொள்கை மக்களாட்சிக்கும் அடிப்படை. மீன் சந்தைக்கும் அடிப்படை.

ஆயின் இக்கொள்கை தடுமாறி நிற்கும் தொழில் ஒன்று உண்டு. பேச்சை இழந்தோர்க்கும், பேச்சு வாராதோர்க்கும், பேச்சுத் தடைப்படுவோர்க்கும் சிகிச்சை அளிக்கும் தொழில் அது. திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்காகப் பகுக்கின்றது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர் அந்நான்கிற்கும் தனித்தனியே நந்நான்கு இயல்புகளை எடுத்தோதினார். நோயாளிக்கு வேண்டிய இயல்புகளுள் ஒன்றாக அவர் கொண்டது, தனக்கு உற்றது இன்னதென்று மருத்துவனுக்கு எடுத்துரைக்கும் ஆற்றலாகும். பாரிசவாதத்தால் மொழியிழந்த மனிதனிடம் இல்லாதது துல்லியமாக இவ்வாற்றலே. 1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் போல் புறோக்கா ஆராய்ந்த நோயாளி ஒருவர், எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஓரசையை மட்டுமே விடையாகத் தந்தார் என்பது மருத்துவ வரலாற்றில் யாவரும் அறிந்தது. அவருக்குத் தரப்பட்ட சிகிச்சை நன்றா தீதா என்று வினவினாலும் விடை ‘டான்’ என்பதாகவே இருந்திருக்கும்.

எனவே இத்தொழிலைக் கற்கும் மாணவர் ஒருவரைத் தகுதியுடையவர் என்று யார் சொல்வது, எதைக் கண்டு சொல்வது, எந்த உரிமையினாற் சொல்வது என்ற வினாக்கள் வெறும் பரீட்சைத் திணைக்களத்து வினாக்கள் ஆகா. அவை அறத்தின்பாற்பட்டவை.

இலங்கையில் இத்துறைக் கல்வி மிக இளையது. களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடத்தில் 1997இல் பேச்சு மொழிச் சிகிச்சைக்கான டிப்ளோமாப் பயிற்சி தொடங்கிற்று. 2008இல் அது நான்காண்டுப் பட்டப்படிப்பாக வளர்ந்தது. அண்டை நாடாகிய இந்தியாவில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் 1965இலேயே தோன்றிவிட்டது என்பதை நோக்குமிடத்து, ஒரு தலைமுறைக் கால இடைவெளி புலனாகும். இராகமையில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில். நோயாளர் பேசுவது சிங்களத்திலோ தமிழிலோ. பட்டம் பெற்று வெளிவருவோருள் தமிழை வீட்டு மொழியாகக் கொண்டோர் தொகை, வடக்கும் கிழக்கும் மலையகமும் வேண்டி நிற்கும் தொகைக்கு மிகவும் குறைவு. மன்னார் போன்ற மாவட்டத்தில் இத்தகைய ஒருவர் பதவி வகித்தாலும், அவர் இடமாற்றம் பெற்றுச் சென்ற மறுநாளே தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வரும் நோயாளர் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேருந்தேறவேண்டிய நிலை தோன்றிவிடும்.

இத்தொழிலைத் திக்குவாய் திருத்தும் தொழில் என்று மட்டும் எண்ணுவோர் இன்றும் உளர். அண்ணப்பிளவுடன் பிறந்து அறுவை முடிந்த குழந்தைக்கு மூக்கொலி நீங்கப் பேசப் பழக்குவதும், செவிப்புலன் குன்றிய பிள்ளைக்கு மொழியைச் சேர்ப்பதும், மூன்று வயதாகியும் ஒரு சொல்லும் வாராத மழலையின் தாய்க்கு வழிகாட்டுவதும் இதன் பாற்பட்டவை. இவற்றுக்கும் மேலாக, பலரும் அறியாத பணி ஒன்றுண்டு. பாரிசவாதம் வந்தவருக்கு நாக்கும் தொண்டையும் தளரும். விழுங்கும் நீர் உணவுக்குழாய் வழியே செல்லாது மூச்சுக்குழாய்க்குட் சென்று நுரையீரலிற் சேரும். சிலருக்கு அவ்வாறு செல்லும்போது இருமலும் வருவதில்லை. பார்ப்போர்க்கு அவர் அமைதியாகத் தேநீர் அருந்துவதாகவே தோன்றும். சில நாளில் நுரையீரல் அழற்சி கண்டு இறப்பினும் இறப்பார். “இவர் வாயாற் பருகலாம்” என்றோ, “இன்னும் பருகலாகாது” என்றோ கட்டிலருகே நின்று சொல்லவேண்டியவர் பேச்சுச் சிகிச்சையாளர். ஒரு மாணவர் இத்தீர்மானத்தைத் தனித்து எடுக்கத் தகுந்தவரா என்று முடிவு செய்வது எத்துணைப் பாரமான செயல் என்பதை இவ்வோர் எடுத்துக்காட்டே உணர்த்தும்.

தகுதி என்பது யாது? ஆங்கில மெய்யியலறிஞர் கில்பேட் றைல் 1949இல் வெளியிட்ட ‘மனம் பற்றிய எண்ணக்கரு’ என்னும் நூலில், ஒன்றைப் பற்றி அறிதல் வேறு, ஒன்றைச் செய்ய அறிதல் வேறு என்று பிரித்துக் காட்டினார். நீந்துதலின் இலக்கணத்தை ஒப்புவிப்பவன் நீந்தத் தெரிந்தவன் ஆகான். செயலறிவு என்பது விதிகளை முதலில் மனத்துள் ஓதிப் பின்னர் உடலால் நிறைவேற்றுவது அன்று. செயலிலேயே அறிவு உறைகின்றது என்பது அவர் வாதம். இவ்வேறுபாட்டைப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. மூன்று மணித்தியாலம் எழுதிய விடைத்தாளே மருத்துவனையும் ஆக்கிற்று, ஆசிரியனையும் ஆக்கிற்று.

மருத்துவக் கல்வியுலகம் இதனை உணர்ந்து மாற்றுவழி தேடியது. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் றொனால்ட் ஹார்டனும் உடனிருந்தோரும் 1975இல் அறிமுகம் செய்த பரீட்சை முறையில், மாணவர் மணியோசைக்கேற்ப ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்துக்கு நகர்வர். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பணி. ஒவ்வொன்றுக்கும் முன்னரே எழுதிவைத்த சரிபார்ப்புப் பட்டியல். பரீட்சகரின் விருப்பு வெறுப்பும் மாணவரின் அதிர்ஷ்டமும் குறைந்தன என்பது உண்மை. 1990இல் அமெரிக்கரான ஜோர்ஜ் மில்லர் தகுதியை ஒரு கூர்ங்கோபுரமாக வரைந்தார்: அடியில் அறிதல், அதன்மேல் எவ்வாறு செய்வதென அறிதல், அதன்மேல் செய்துகாட்டல், உச்சியில் உண்மையாகச் செய்தல். மணியடித்து நகரும் பரீட்சை மூன்றாம் படியோடு நின்றுவிடும். நோயாளியாக நடிப்பவர் முன் செய்துகாட்டிய ஒருவர், நாற்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில், மின்விசிறி நின்றுபோன மதியத்தில், அதனையே செய்வாரா என்பதை உச்சிப்படியில் நின்றுதான் காணமுடியும்.

மன்னார்க் கடலுக்கு இச்சிக்கல் புதிதன்று. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த பிரித்தானியர் காலத்திலே முத்தைத் தரம்பிரித்த முறையை நினைவிற் கொள்ளுதல் இங்குப் பொருந்தும். முத்துக்களை முதலிற் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பர். முதலாவதில் 20 துளைகள். இறுதியானதில் 1000 துளைகள். எந்தச் சல்லடையில் எது தங்கிற்று என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சிறு பிள்ளையும் அதனைச் செய்யலாம். ஆனால் விலை அங்கு முடிவாவதில்லை. அதன்பின் ஒருவர் ஒவ்வொரு முத்தையும் கையிலெடுத்து, ஒளிக்குக் காட்டி, உருட்சியும் நீரோட்டமும் நோக்கி, ஆணி முதல் தூள் ஈறாக வகுப்பார். இதற்குச் சல்லடை இல்லை. பல்லாண்டு முத்தோடு பழகிய கண் ஒன்றே கருவி.

சரிபார்ப்புப் பட்டியல் சல்லடை போன்றது. “நோயாளிக்கு வணக்கம் சொன்னார்”, “சம்மதம் கேட்டார்”, “குரல்வளையைத் தொட்டுப் பார்த்தார்” என்ற கட்டங்களில் அடையாளமிடலாம். நோயாளியின் முகத்திலே ஒரு நொடி தோன்றி மறைந்த நாணத்தைக் கண்டு தன் வினாவை மாணவர் மாற்றிக்கொண்டாரா என்பதற்குக் கட்டம் இல்லை. அதனாற் சல்லடை வேண்டாம் என்பது பொருளன்று. சல்லடையின்றிக் கண்ணை மட்டும் நம்பிய இடங்களில், உறவினர் முத்தெல்லாம் ஆணியாகிவிடும்!

இரண்டையும் இணைக்க முயன்ற கருவி ஒன்று பேச்சுச் சிகிச்சைத் துறையிலேயே உருவாயிற்று. அவுஸ்திரேலியாவில் சூ மக்கலிஸ்டரும் அவருடன் பணியாற்றியோரும் அமைத்து, அந்நாட்டுப் பேச்சுச் சிகிச்சையாளர் சங்கம் 2006இல் வெளியிட்ட ‘கொம்பாஸ்’ என்னும் மதிப்பீட்டு முறை அது. தொழிலுக்கே உரிய ஏழு திறன்களோடு, காரணங்காணல், தொடர்பாடல், தொடர்ந்து கற்றல், தொழிலொழுக்கம் என்னும் நான்கு பொதுத் திறன்களையும் அது நோக்குகின்றது. இதிலே கவனத்துக்குரிய ஒன்று, புள்ளிக்குப் பதிலாக ஒரு கோடு இருப்பதாகும். கற்கத் தொடங்குவோர், இடைநிலையினர், தொழிலுக்குட் புகத் தகுந்தோர் என்ற நிலைகளைத் தாங்கிய அக்கோட்டிலே, பல வாரம் உடனிருந்து பார்த்த மேற்பார்வையாளர் மாணவர் நிற்கும் இடத்தைக் குறிப்பார். பயிற்சியின் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. ஒரு மணித்தியாலக் காட்சிக்காகப் பூசிய சாயம் பல வாரம் நிலைக்காது. மாணவருக்கும் தாம் நடந்து வந்த தூரமும் நடக்கவேண்டிய தூரமும் ஒருங்கே தெரியும்.

எனினும், செயலை ஏன் இவ்வளவு நுணுகி நோக்கவேண்டும், பலனைப் பார்த்தாற் போதாதா என்று வினவுவோர் உண்டு. நோயாளி பேசினாரா இல்லையா. அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும் என்பர். இவர்களுக்கு விடையும் முத்துக்குளிப்பிலேயே உள்ளது. சுறாமீனின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட கடற்கட்டி என்பார் கரையில் நின்று மந்திரம் ஓதாவிட்டாற் குளியாளர் கடலில் இறங்க மறுத்தனர். ஆகவே அரசாங்கமே அவருக்கு ஊதியம் வழங்கிற்று. எமேர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் இச்செய்தி உண்டு. நூற்றுக்கணக்கான வள்ளங்களும் ஆட்களும் எழுப்பிய ஆரவாரத்திலே சுறா பெரும்பாலும் அணுகுவதில்லை. அணுகாத ஒவ்வொரு நாளும் கடற்கட்டியின் வல்லமைக்குச் சான்றாயிற்று.

பேச்சுச் சிகிச்சையிலும் இவ்வாறே. பாரிசவாதத்தின்பின் முதற் சில மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறும். பள்ளிக்கு முந்திய வயதில் திக்கிப் பேசும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் சிகிச்சையின்றியே திருந்திவிடுவர். தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகள் பலர் பின்னர் மற்றவர்களை எட்டிப் பிடிப்பர். இம்முன்னேற்றங்கள் எல்லாம் அருகில் நின்ற மாணவரின் கணக்கில் வரவாகிவிடும். மறுபுறம், வளர்ந்து செல்லும் நரம்பு நோயால் நாளுக்கு நாள் பேச்சிழக்கும் ஒருவரோடு பணியாற்றும் மாணவர், எவ்வளவு திறமையோடு செய்தாலும் நோயாளி தேறமாட்டார். அவருக்கு எஞ்சியுள்ள சொற்களைக் காத்து, சொல் போனபின் கண்ணசைவாலும் எழுத்துப் பலகையாலும் மனைவியோடு உரையாட வழிசெய்வதே அங்குத் திறமை. பலனை மட்டும் எண்ணும் பரீட்சகர் கடற்கட்டிக்குப் பட்டம் அளித்து, இம்மாணவரைச் சித்தியெய்தாதவராக்குவார்.

நோயாளியின் மனநிறைவை அளவுகோலாகக் கொள்ளலாமா? பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலிலே சோக்கிரதர் ஒரு வழக்கைக் கற்பனை செய்கிறார். குற்றஞ்சாட்டப்பட்டவன் மருத்துவன், குற்றஞ்சாட்டுவோன் சமையற்காரன், நீதிபதிகள் சிறுபிள்ளைகள். கசப்பு மருந்து தந்தவனும் பசித்திருக்கச் சொன்னவனும் மருத்துவன். இனிப்பு ஊட்டியவன் சமையற்காரன். தீர்ப்பு எதுவாக இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. விழுங்க இயலாத முதியவருக்கு இரண்டு நாளாக ஒரு மிடறு பிளேன்ரீயும் தரக்கூடாதென்று சொல்லும் மாணவியும், “பாவம், தொண்டை காய்கிறது” என்று கரண்டியால் ஊட்டிவிடும் உறவினரும் அதே வழக்கில் நிற்பவர்களே. அரிஸ்டோட்டிலின் விருந்தாளி இங்குத் தீர்ப்பளிக்க முடியாது. உணவின் சுவையை அவர் அறிவார்; அது எக்குழாய் வழியே இறங்கிற்று என்பதை அறியார்.

ஆகவே தீர்ப்பு துறையறிந்த பரீட்சகரையே வந்தடைகின்றது. ஆனால் அவர் எவர் சார்பில் அமர்ந்திருக்கிறார் என்பதைத் தெளிதல் வேண்டும். தொழிற்சங்கத்தின் வாயில்காப்போராகவும் பல்கலைக்கழகத்தின் கணக்கராகவும் அவரைக் காண்பது வழக்கம். உண்மையில், குறைகூறும் ஆற்றலை நோய் பறித்துக்கொண்ட ஒருவரின் இருக்கையிலே அவர் அமர்ந்திருக்கிறார். நோயாளி பேசக்கூடுமாயின் என்ன சொல்லியிருப்பாரோ அதனைச் சொல்வது அவர் கடன். அதிகாரம் என்பதிலும் பார்க்கப் பதிலாண்மை என்பதே இதற்கு ஏற்ற பெயர்.

இவ்வாறு கொண்டால், முதலாவதாக எழுவது மொழிப் பிரச்சினை. பிறர் சார்பில் இருப்பவர் அவரது மொழியை அறியாதிருக்கலாமா? மன்னார்த் தமிழ் ஒரு படித்தானதன்று. கத்தோலிக்க மீனவர் ஊர்கள், முஸ்லிம் ஊர்களான எருக்கலம்பிட்டியும் தாராபுரமும், பெருநிலத்து வேளாண் ஊர்களான முருங்கனும் நானாட்டானும் என ஒவ்வொன்றுக்கும் சொல்லும் ஓசையும் சிறிது வேறுபடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலர் புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்தனர். அங்குப் பிறந்து பின் மீண்ட குடும்பங்களின் பிள்ளைகள் பேச்சில் அவ்வூர்ச் சாயலும் கலந்திருத்தல் இயல்பே.

இத்தகைய ஒரு பிள்ளையை மாணவி ஒருத்தி பரிசோதிப்பதாகக் கொள்க. பிள்ளை ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்கிறது. ழகரத்தை ளகரமாக ஒலித்தல் வட இலங்கைப் பேச்சு வழக்கிற் பரவலாக உள்ளது. பிள்ளையின் தாயும் அவ்வாறே சொல்வாள், பாடசாலை ஆசிரியரும் வீட்டில் அவ்வாறே சொல்வார். நூல்வழித் தமிழை மட்டும் அளவாகக் கொண்ட ஒருவர் இதனை ஒலிப்புப் பிழையெனக் குறித்து, வாரம் ஒரு நாள் சிகிச்சைக்கு வரச் சொல்லக்கூடும். நோயில்லாத இடத்தில் நோய் பிறந்துவிடும். மறுதலையாக, ககரத்தைத் தகரமாக ஒலிக்கும் ஐந்து வயதுப் பிள்ளையை, ஊர்வழக்கென்று எண்ணி அனுப்பிவிடுவதும் கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே மாணவியின் தகுதி. அவள் பிரித்தறிந்தாளா என்று அறிவது பரீட்சகரின் தகுதி.

சொற்களிலும் இதே நிலை. படத்தில் உள்ள மூத்த பெண்பிள்ளையைச் சுட்டி ‘தாத்தா’ என்று ஒரு சிறுமி சொன்னால், தமிழ்நாட்டார் பாட்டனைச் சொன்னதாகவும், சிங்களம் பேசும் பரீட்சகர் தகப்பனைச் சொன்னதாகவும் கொண்டு, பிள்ளைக்குச் சொற்பொருள் தடுமாறுகின்றது என்று முடிவுகட்டலாம். இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா என்பது அக்காவைக் குறிக்கும். பிள்ளை சொன்னது முற்றும் சரி. மொழியிழந்தோரைப் பரிசோதிக்க உலகெங்கும் பயன்படும் பொஸ்ரன் பெயரிடற் சோதனையிற் பனிக்கட்டி வீட்டின் படமும் நீர்நாயினும் வேறான வடநாட்டு விலங்காகிய பீவரின் படமும் உள்ளன. தலைமன்னார் மீனவர் அவற்றின் பெயரை இழக்கவில்லை. அவர் அப்பெயர்களை ஒருபோதும் பெற்றதே இல்லை. கழுதையையும் பெருக்கமரத்தையும் காட்டிக் கேட்டால், எஞ்சியிருப்பது எவ்வளவு என்று தெரியவரும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இடையில் இருத்தி இக்குறையை நீக்கலாம் என்பது பலர் கூற்று. வயிற்றுவலியை மொழிபெயர்க்கலாம். மொழியின் சிதைவை மொழிபெயர்க்க முயல்பவர், தம்மை அறியாமலே அதனைச் செப்பனிட்டுவிடுவார். “நான்... கடல்... போ... இல்லை” என்ற சொற்கள் “நான் கடலுக்குப் போகவில்லை” என்று மறுமொழியில் நிறைவடைந்து வரும். பரீட்சகர் முன் நோயே மறைந்துவிடும்! இவ்விடத்தில் சிங்களம் பேசும் பரீட்சகர்மேற் குற்றங்காணுதல் நேர்மையாகாது. தமிழ் தெரிந்த தகுந்த மேற்பார்வையாளர் போதிய தொகையில் இல்லை. இல்லாத இடத்தில் இருப்பவர் தம்மால் இயன்றதைச் செய்கின்றார். தமிழ் மாணவர்கள் இதற்கு முன்வராததேன் என்ற வினாவும் தமிழ்ச் சமூகத்தை நோக்கி எழவேண்டியதே. பொறியியலும் மருத்துவமும் அன்றி வேறு கல்வியை இரண்டாந்தரமாக எண்ணும் பெற்றோர் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

இனி, இப்பொருளின் கடினமான முடிச்சுக்கு வரலாம். இறுதியாண்டு மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்க. தமிழ் அவர் தாய்மொழி, மன்னாருக்குச் செல்ல விரும்புகின்றார், நோயாளரிடம் அன்புடையவர். ஆனால் விழுங்கற் பரிசோதனையில் அவரது தீர்மானங்கள் இன்னும் நம்பத்தக்கனவாக இல்லை. இரண்டு முறை மேற்பார்வையாளர் குறுக்கிட்டுத் தடுக்கவேண்டியிருந்தது. அவரைச் சித்தியெய்தச் செய்யலாமா?

செய்யலாம் என்போர் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவர் செல்லாவிட்டால் அங்கு வேறொருவர் செல்லப்போவதில்லை. நூற்றுக்கு எண்பது நோயாளருக்கு அவரால் நன்மை உண்டு. அரைகுறைத் தகுதியுள்ள ஒருவரா, ஒருவருமே இல்லாமையா என்று கேட்டால், தன் பிள்ளைக்கு மூன்றாண்டாகச் சொல்லெழவில்லை என்று கண்ணீர்விடும் தாய் எதைத் தேர்வாள்? கொழும்பிலே சிகிச்சையாளர் பலரிருக்க, உயர்ந்த அளவுகோலைக் காத்துக்கொள்வது எளிது. அதன் விலையைக் கொடுப்பவர் வங்காலையிலும் முசலியிலும் இருப்போர். தூய்மையான கொள்கைகள் பிறர் செலவில் பேணப்படும்போது அவற்றின் தூய்மை ஐயத்துக்குரியதாகின்றது. இவ்வாதத்தின் வலிமையை முழுதும் உணராது ‘தரம்’ ‘தரம்’ என்று முழங்குவோர் மன்னாரை நிலப்படத்தில் மட்டும் கண்டவராவர்.

எனினும் அவ்வாதத்தில் மறைந்திருக்கும் பிழை ஒன்றுண்டு. “ஒருவருமில்லாமையிலும் ஒருவர் நன்று” என்பது, அவ்வொருவர் தம் எல்லையை அறிந்திருந்தால் மட்டுமே உண்மை. சிகிச்சையாளர் இல்லாத விடுதியிலே, பாரிசவாத நோயாளிக்குப் பருகக் கொடுக்கத் தாதியர் அஞ்சுவர், தயங்குவர், வைத்தியரைக் கேட்பர். தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வந்து “பருகலாம்” என்றபின் அத்தயக்கம் அகன்றுவிடும். அதாவது, சான்றிதழ் புதிதாக ஒரு திறமையைச் சேர்ப்பதோடு நில்லாமல், முன்பிருந்த எச்சரிக்கையையும் நீக்குகின்றது. தகுதியற்ற கையில் அது வெறுமையிலும் தீயதாகக்கூடும். மேலும் நகரத்து வைத்தியசாலையிலே புதியவரின் பிழையைக் காண மூத்தோர் அருகிலிருப்பர். மன்னாரில் தனித்திருக்கும் ஒருவருக்கு அருகில் யார்? ஆகவே தொலைவிடத்துக்குச் செல்வோரிடம் குறைந்த தகுதி போதும் என்பது தலைகீழான நியாயம். தனித்து நிற்பவருக்கே கூடிய தகுதி வேண்டும்.

இரக்கம் என்ற பெயரால் நடைபெறும் மற்றொன்றையும் சுட்டுதல் வேண்டும். 2003இல் கத்லீன் டஃபி ஸ்கொத்லாந்தில் தாதிய மாணவரை மதிப்பிடுவோரிடம் செய்த ஆய்வு, ஐயமிருந்தும் மாணவரைச் சித்தியெய்தச் செய்துவிடும் வழக்கத்தை வெளிப்படுத்திற்று. குறை கண்டும் காலந்தாழ்த்திச் சொல்லுதல், மாணவரின் எதிர்காலம் கெடுமே என்ற கவலை, அடுத்த பயிற்சியில் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் ஆகியன காரணங்களுள் அடங்கும். ஸ்கொத்லாந்து மனமும் நமது நாட்டு மனமும் இவ்வகையில் வேறல்ல. மாணவி எதிரே அமர்ந்து அழுகிறாள். அவளது வீட்டுநிலை தெரியும். பாதிக்கப்படப்போகும் நோயாளியோ இன்னும் முகமற்றவர், ஆண்டு இரண்டு கழித்து எங்கோ ஒரு கட்டிலிற் கிடக்கப்போகிறவர். முகமுள்ளவர்மேல் இரக்கம் சுரப்பது மனித இயல்பு. ஆனால் பரீட்சகர் அமர்ந்திருப்பது அந்த முகமற்றவரின் இருக்கையில்.

சித்தி, சித்தியின்மை என்னும் இரண்டே கதவுகளை வைத்ததுதான் இம்முடிச்சை இறுக்கிற்று எனலாம். கோடொன்றிலே மாணவர் நிற்குமிடத்தைக் குறிக்கும் முறை இங்குத்தான் பெரிதும் உதவும். குழந்தைகளின் மொழி வளர்ச்சியில் தொழிலுக்குட் புகத் தகுந்தவர், விழுங்கற் சிகிச்சையில் இன்னும் இடைநிலையினர் என்று அவரைப் பற்றி உண்மையைச் சொல்லலாம். உண்மையைச் சொன்னபின் அதற்கேற்ப ஒழுங்கு செய்யலாம். ஆறு மாதம் யாழ்ப்பாணத்திலோ இராகமையிலோ மேற்பார்வையின்கீழ் விழுங்கற் பரிசோதனை செய்தபின் அவர் மன்னார் செல்லட்டும். அல்லது மன்னாரிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, விழுங்கற் சிக்கல் உள்ளோரைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் காணொளி அழைப்பில் கலந்து தீர்மானிக்கட்டும். மாணவரும் தம் எல்லையை நாணமின்றிச் சொல்லப் பழகுவார். “எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்று கட்டிலருகே சொல்லத் தெரிந்திருப்பதை எந்தப் பட்டியலும் இதுவரை உரிய இடத்தில் வைக்கவில்லை.

பரிமேலழகர் மருத்துவனுக்கு உரைத்த இயல்புகளுள், ஆசிரியனை வழிபட்டுக் கற்ற கல்வியோடு, பலமுறை நோய்தீர்த்துப் பழகியிருத்தலும் ஒன்று. பழகுதல் என்பது ஓரிடத்தில், ஒரு மக்களிடையே பழகுதல். கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையிற் பழகிய கை மன்னாரில் மீண்டும் பழகவேண்டியிருக்கும். ஆகையால் மன்னாருக்குச் செல்லவிருப்பவரின் இறுதி மதிப்பீட்டில் ஒரு பகுதியேனும் மன்னாரிலேயே நிகழ்தல் முறையாகும். முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் அரசாங்கம் மாதிரிக்கெனச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்த்தது. அம்மாதிரிச் சிப்பிகளை அது எடுத்தது அதே பாரிலிருந்துதான். வேறு கடலின் சிப்பியைத் திறந்து இப்பாரின் முத்தை எவரும் மதிப்பிட்டதில்லை.

இதற்குச் செலவு உண்டு. கொழும்புப் பகுதியிலிருந்து மன்னாருக்குச் சாலைவழி ஏறத்தாழ 300 கிலோமீற்றர். தமிழறிந்த பரீட்சகர் ஒருவர் இரண்டு நாளை ஒதுக்கி வரவேண்டும், தங்குமிடம் வேண்டும், பல்கலைக்கழகக் கணக்குப் பகுதி பிரயாணப்படியை ஒப்பவேண்டும். வந்தபின் அவர் செய்யவேண்டியது பெரிதொன்றுமில்லை. விடுதியின் ஓரத்தில் ஒரு கதிரையில் அமர்ந்து, மாணவி காலை முழுதும் பணியாற்றுவதைக் குறுக்கிடாமற் பார்க்கவேண்டும். பிற்பகலில், பல மாதத்துக்கு முன் அம்மாணவியிடம் வந்துபோன குடும்பம் ஒன்றைக் கண்டு உரையாடவேண்டும். “அவர் எவ்வளவு பேசுகிறார்?” என்று கேட்டாற் கடற்கட்டியின் கணக்கே கிடைக்கும். அந்தப் பிள்ளை சொன்ன எதை நீங்கள் இன்னும் வீட்டில் செய்கிறீர்கள், ஏன் செய்யச் சொன்னாள் என்று தெரியுமா என்று மனைவியைக் கேட்கவேண்டும். நீரைச் சற்றுத் தடிப்பாக்கிக் கொடுப்பதும், கொடுக்கும்போது தலையைத் தாழ்த்தச் சொல்வதும், அவர் ஒரு சொல்லைத் தேடும்போது அதை எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பதும் அவள் வாயில் வந்தால், அதனைக் கோட்டில் எவ்விடத்திற் குறிப்பது என்று பரீட்சகர் யோசிக்கலாம்.